ஒத்தைக்கொம்பனும் ஒன்பது எலுமிச்சம்பழமும்

வாடா கண்ணு, வா. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சுல ஏறி வந்தியாக்கும். பொட்டியைத் திண்ணையில வை. மெதுவா, மெதுவா. எட்டு லட்சம்னு போன்ல சொன்னே, கீழ போட்டா உங்கப்பன் என்னையத்தான் கேப்பான்.

எங்க புடிச்சே? சேலத்துல காயலான் கடையிலயா? நானூறு ரூவாயா? சரிதான். விக்கிறவன் எடை போட்டுக் குடுத்தான், வாங்கினவன் கனவு போட்டு வாங்கினான்.

இது எனக்குத் தெரிஞ்ச மிஷின்டா. இந்த மலையில ஒரு பள்ளிக்கூடத்துல லேப் அட்டெண்டரா இருந்து ரிடையர் ஆனவன் நான். 1984-ல டெல்லிக்காரங்க ‘கிளாஸ்’னு ஒரு திட்டம் போட்டாங்க. மொதல்ல சுமார் 250 பள்ளிக்கூடத்துக்கு சீமையில செஞ்ச பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர் வந்துச்சு. அப்புறம் மொகாலியில செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ்னு அரசாங்கக் கம்பெனி, உரிமம் வாங்கி அதையே இங்க செஞ்சு ‘யூனிகார்ன்’னு பேரு ஒட்டுச்சு. ஒத்தைக்கொம்பன். உன் பொட்டியில மங்கிப் போய் ஒட்டிக்கிட்டிருக்கே, அதுதான். மேல வரிசையில செவப்புக் கட்டை, கீழ கருப்புக் கட்டை. சுவிட்சைப் போட்டா ‘பூ...பீப்’னு ஒரு சத்தம். மொத்த ஞாபகமும் 32 கே. உன் போன்ல ஒரு போட்டோவுக்குக் கூடக் காணாது.

எட்டு லட்சம் எப்படி வந்துச்சுன்னு சொல்லு. ஓ, ஆப்பிள்-1 கம்ப்யூட்டரைப் பார்த்தியா? 1976-ல ஸ்டீவ் வாஸ்னியாக் செஞ்ச வெறும் பலகை. மூடியில்ல, கீபோர்டு இல்ல, திரையில்ல. அன்னைக்கு விலை 666 டாலர் 66 சென்ட். 2024-ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 9,45,000 டாலர். நம்ம காசுக்கு ஏழரைக் கோடிக்கு மேல. அதைப் பார்த்ததும் உனக்கும் ஏழரை ஆரம்பிச்சிருச்சு.

அந்த விலை சும்மா ஏறல கண்ணு. மொத்தமே ஒரு 200 தான் செஞ்சாங்க. அடுத்த மாடல் வந்ததும் பழசைக் குடுத்தா புதுசுக்குக் கழிவுன்னு சொல்லி, வந்ததையெல்லாம் கம்பெனியே உடைச்சுப் போட்டுச்சு. தன் பழைய சரக்கைத் தானே ஒழிச்ச புண்ணியம், மிச்சம் வெச்சிருந்தவனுக்குப் போச்சு.

‘அப்பிச்சி, யூனிகார்னும் அபூர்வம்தானே’ன்னு கேக்குறே. கேளு. அபூர்வம்தான். நம்ம மலை உச்சி சேர்வராயன் கோயில் குகை கூட அபூர்வம்தான், அதை யாரு விலைக்குக் கேக்குறான்? சீமையில இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்னு ஒரு மிஷின், 50 லட்சத்துக்கு மேல வித்துச்சு. தெருவுக்கு நாலு கிடக்கும். ஆனாலும் அதை இன்னைக்கும் ஒருத்தன் காசு குடுத்து வாங்குறான். ஏன்? பத்து வயசுல அவன் வீட்டுல அது இருந்துச்சு. ராத்திரி அம்மா திட்டத் திட்ட விளையாடினான். இப்ப அம்பது வயசு, கையில பணம், மூட்டுல வலி. மிஷினையா வாங்குறான்? அந்த ராத்திரியைத்தான் திரும்ப வாங்குறான்.

நம்ம யூனிகார்ன் யாரு வீட்டுல இருந்துச்சு? லேப்ல இருந்துச்சு. வெளிய செருப்பைக் கழட்டணும். வாரத்துக்கு ஒரு பீரியடு, ஒரு மிஷினுக்கு மூணு பசங்க. கட்டையை அழுத்தினா நான் அதட்டுவேன். அழுத்தாட்டி வாத்தியார் அதட்டுவார். அன்னைக்குப் பயந்து நின்ன பசங்க இன்னைக்கு அமெரிக்காவுல இருக்காங்க. அந்தப் பயத்தைக் காசு குடுத்துத் திரும்ப வாங்க எவனாச்சும் வருவானா, நீயே சொல்லு.

ஏலத்துல விலை எப்படி ஏறுதுன்னு கேளு. 2024-ல திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் முருகன் கோயில்ல, வேல்ல குத்தியிருந்த எலுமிச்சம்பழம் ஒன்பதும் ரெண்டு லட்சத்துக்கு மேல ஏலம் போச்சு. சந்தையில பழம் அஞ்சு ரூவா. பிள்ளை வரம் வேணும்னு எதிரெதிரா ரெண்டு பேரு நின்னா பழத்துக்கு ஏது விலை? உன் ஒத்தைக்கொம்பனுக்கு ஒருத்தன் வேணா வருவான். எதிர்ல நிக்க ரெண்டாவது ஆளு எங்க?

இன்னொண்ணு. நெட்டுல இதே மிஷினுக்கு ஒருத்தன் எட்டு லட்சம்னு போட்டிருந்தானே, அது கேக்குற விலை. வித்த விலையைத் தேடிப் பாரு. ஏரிக்கரை ஓரம் ஒருத்தர் தோட்டத்துக்கு நாலு கோடின்னு பத்து வருசமா போர்டு வெச்சிருக்கார். போர்டுல மிளகுக்கொடி ஏறிருச்சு.

ஏய், ஏய், பிளக்கைச் சொருகாதே! பவர் சப்ளைக்குள்ள ஒரு காகிதக் கண்டென்சர் இருக்கும். வயசானா மேல்தோல் வெடிச்சு ஈரத்தைக் குடிச்சுக்கும். நம்ம ஊரு பனிமூட்டம் வேற. கரண்டு குடுத்தா ரூம் முழுக்கப் புகை. பி.பி.சி. மிஷின் வெச்சிருக்கவனுக்கெல்லாம் இது தெரியும். மொதல்ல அதைக் கழட்டிப் புதுசு போடு. பிளாஸ்டிக்கு மஞ்சளாயிருந்தா இருக்கட்டும். எனக்கும்தான் பல்லு மஞ்சளாயிருக்கு, உங்க ஆயா என்னை ஏலம் விட்டாளா?

என்ன, மூஞ்சி சுருங்கிருச்சு? காப்பி குடி. தோட்டத்துக் காப்பி.

அட்டைப்பொட்டியோட இருந்தா விலை எகிறும்னு நேத்து நீதானே சொன்னே? பள்ளிக்கூடத்துக்கு மிஷின் வந்தப்ப, காலிப் பொட்டி ஒண்ணைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பரண்ல இருக்கு. கம்பெனி பேரு அழியல, உள்ள தெர்மாகோலும் அப்படியே. உங்க ஆயா அதுலதான் புளி வெச்சிருந்தா, இன்னைக்குக் காலையில கொட்டிக் காலி பண்ணச் சொல்லிட்டேன்.

உனக்கு சும்மாவே குடுத்திருப்பேன் சாமி. ஆனா ரெண்டு பேரு இருந்தாத்தான் ஏலம்னு இப்பத்தானே பேசினோம். உன் மாமன் மகனுக்கும் போன் பண்ணிட்டேன். பதினாலாவது வளைவுல வந்துக்கிட்டிருக்கானாம். ஆயிரத்துல ஆரம்பிக்கலாமா?