செயினுக்குக் காவல் சிலம்பம்

எங்கள் தெருவில் யாரோ சில பையன்கள் பறித்துக்கொண்டு போனது ஒரே ஒரு செயின்தான். ஆனால் மறுநாள் காலைக்குள் தெருவில் இருந்த அத்தனை பெண்களின் கழுத்தும் காலியாகிவிட்டது. தாலிக்கொடிகள் லாக்கருக்குப் போயின, மஞ்சள் கயிறுகள் வெளியே வந்தன. குடியிருப்போர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. கேமரா வைப்பது, தெருவிளக்கு கேட்டு மனுக் கொடுப்பது, வீட்டுக்கு ஒரு விசில் வாங்குவது என்று தீர்மானம் ஆயிற்று. கேமரா வந்தது, தெருநாய்களின் குடும்ப வாழ்க்கையை இன்றுவரை அது விடாமல் பதிவு செய்துகொண்டிருக்கிறது. மனு எங்கேயோ பத்திரமாக இருக்கிறது. விசில்களைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

நான் தனியாக ஒரு தீர்மானம் போட்டேன். சிலம்பம் கற்றுக்கொள்வது.

"கராத்தே படிச்சா என்ன?" என்றார் வீட்டுக்காரர். மதுரையில் பிறந்துவிட்டு அடி வாங்காமல் இருப்பதற்கு ஜப்பானிடம் போய் நிற்பதா? அதோடு, என் தலைமுறைக்குத் தற்காப்பு என்றால் எம்.ஜி.ஆர்.தான். 1971இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷா சீட்டை விட்டு இறங்காமலே கம்பைச் சுற்றி ஒரு கூட்டத்தை விரட்டுவார். உட்கார்ந்தபடியே ஊரை அடக்கலாம் என்கிற அந்தச் சேதி, வருஷக்கணக்காக அலுவலக நாற்காலியை விட்டு எழாத எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கண்மாய்க் கரையில் ஒரு வாத்தியார் விடிகாலையில் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அறுபதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, தலையில் துண்டு.

"எதுக்குத் தாயி கத்துக்கணும்?"

"தற்காப்புக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளைகளைச் சேர்க்க வர்றவங்க யாரும் இப்பல்லாம் இதைச் சொல்றதில்லையே" என்றார்.

அவர் சொன்னது உண்மை என்பது மரத்தடியில் காத்திருந்த அம்மாக்களிடம் பேசியதும் விளங்கிவிட்டது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பத்தையும் சேர்த்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஒரு அம்மாவின் கண்ணில் பையனின் அரசு உத்தியோகம் தெரிந்தது. இன்னொருவருக்குச் சான்றிதழ். மூன்றாமவருக்கு உலக சாதனை: மகள் மண்பானை மேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். சாதனை நல்லதுதான். ஆனால் திருடன் வருகிற நேரத்தில் பானைக்கு நான் எங்கே போவேன்? அந்தக் கரையில் யாரையாவது அடிக்கும் உத்தேசத்தோடு வந்திருந்தது நான் ஒருத்திதான்.

முதலில் கம்பையே கண்ணில் காட்டவில்லை. எல்லாம் காலுக்குத்தான். காலை எப்படி மாற்றுவது, எப்படித் திரும்புவது, எடையை எந்தக் காலில் வைப்பது. அதற்குச் சுவடு என்று பெயர். எனக்குச் சுவடு சொல்லித்தர வாத்தியார் நியமித்த உதவி ஆசிரியைக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. நாலாம் வகுப்பு. "ஆன்ட்டி, இடது கால்னு சொன்னேன்ல" என்று அந்தப் பல்லில்லாத வாயால் அதட்டுவாள். அலுவலகத்தில் என் மேலாளர்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

பிறகு கம்பு வந்தது. தரையில் ஊன்றினால் என் நெற்றி மட்டத்துக்கு நிற்கும் மூங்கில். முனை பிளக்காமல் இருக்கப் பூண். "கம்பு உனக்குத் தக்கன இருக்கணும். அடுத்தவன் கம்பு கைக்கு அடங்காது" என்றார் வாத்தியார். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே அது எங்கள் ஹாலுக்கும் அடங்காது என்று தெரிந்தது. உள்ளே ஒரு வீச்சு வீச வேண்டுமென்றால் சோபா, டிவி, மாமியார் என்று மூன்றையும் அப்புறப்படுத்த வேண்டும். முதல் இரண்டும் சம்மதித்தன. மாமியார், "நான் இங்கனயே உக்காந்திருக்கேன். நீ சுத்து, பாப்போம்" என்றார். அவர் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் மொட்டை மாடிக்குப் போனேன்.

சுற்றப் பழகியதும் ஒரு மிதப்பு வந்தது. கம்பு காற்றைக் கிழிக்கும் சத்தம் இருக்கிறதே, அது நம்மை நாமே நம்ப வைக்கும் சத்தம். அந்த மிதப்பில் இருந்தபோதுதான் ஒரு சிக்கல் உறைத்தது. இந்தக் கம்பை நான் எங்கே கொண்டுபோக முடியும்? டவுன் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். ஜவுளிக்கடை வாசலில் காவலாளி கைப்பையையே திறந்து பார்க்கிறார். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கே அனுமதி இல்லை. அங்கே அம்மனே கையில் கிளியோடுதான் நிற்கிறாள். நான் கம்போடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்?

போதாக்குறைக்குச் சலாம் வரிசை. மண்ணைத் தொட்டு, வாத்தியாரை வணங்கி, எதிராளிக்கும் மரியாதை செய்துவிட்டுத்தான் சிலம்பத்தில் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். செயின் பறிக்க வருகிறவன் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டா வரப்போகிறான்? அவன் வருவது பின்னாலிருந்து, வண்டியில், வேகமாக. நான் சலாம் வைத்து நிமிர்வதற்குள் அவன் ரிங் ரோட்டைத் தாண்டியிருப்பான்.

கம்பைக் கையில் எடுத்ததால் எதிரி குறையவில்லை என்பதோடு, புதிதாகவும் சேர்ந்தார்கள். வெறுங்கையோடு நடந்தபோது என்னை ஏறிட்டும் பார்க்காத தெருநாய்கள், கம்போடு போன அன்றைக்குக் கூட்டம் கூட்டிவிட்டன. ஐந்தாறு இருக்கும். கற்ற வித்தை எல்லாம் கைக்கு வந்து ஓங்கினேன். குரைப்பு இரட்டிப்பானது. எப்படியோ தப்பித்துப் போய் வாத்தியாரிடம் சொன்னேன். "ஓங்குனா அதுக்குச் சண்டை. ஓடுனா அதுக்கு வேட்டை. ரெண்டும் வேண்டாம். கம்பைத் தாழ்த்தி உனக்கும் அதுக்கும் நடுவுல பிடி. முதுகு காட்டாம, சுவடு வச்சு மெள்ளப் பின்னால வா" என்றார். மறுநாள் அப்படியே செய்தேன். நாய்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது. சிலம்பம் கற்றபின் நான் நடத்திய முதல் போர் அதுதான். ஒரு அடிகூட விழவில்லை. வென்றது பின்னால் போகும் கால்.

அன்றைக்குத்தான் அந்தக் கலையின் பிறப்பே எனக்குப் புரிந்தது. ஆடு மேய்ப்பவர், வயலுக்கு ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், கண்மாய்க்குக் காவல் இருப்பவர் என்று அந்தக் காலத்தில் கையில் கம்பில்லாமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. மாட்டுக்கும் அதுதான், பாம்புக்கும் அதுதான், ஆற்றில் ஆழம் பார்ப்பதற்கும் அதுதான். 1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு கும்பெனி அரசாங்கம் ஆயுதங்களுக்குத் தடை போட்டது. வாளைக் கேட்கலாம், வேலைக் கேட்கலாம். மாடு ஓட்டுகிறவனிடம் கம்பைக் கேட்டால் மாட்டை யார் ஓட்டுவது? அவர்கள் தற்காப்புக்காகக் கம்பைத் தேடிப் போகவில்லை. எப்படியும் கையில் இருந்ததைக் கொண்டு தப்பிக்கப் பழகினார்கள். நானோ வித்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கான கம்பைத் தூக்கிச் சுமக்க வழி தேடிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையே வீட்டுக்காரருக்கு வேறு கவலை. எங்கேயோ வர்மம் பற்றிப் படித்துவிட்டார். தொடுவர்மம் 96, படுவர்மம் 12, ஆக 108 புள்ளிகள். தொட்டால் ஆள் காலி. காப்பி டம்ளரை என்னிடம் நீட்டும்போதுகூட விரல் படாமல் நீட்ட ஆரம்பித்தார். வாத்தியாரிடம் கேட்டேன். "அந்த 108ல ஒண்ணைத் தேடி நீ விரலை வைக்கிற வரைக்கும் அவன் அசையாம நிப்பானா தாயி?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் இந்தப் பதிலை நான் சொல்லவில்லை. அந்த மரியாதை கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

உண்மையான பாடம் சோடி கட்டி ஆடியபோதுதான் தொடங்கியது. அதுவரை நான் சுற்றியது காற்றோடு. காற்று திருப்பி அடிக்காது. எதிரே அந்தப் பல்லில்லாத உதவி ஆசிரியை வந்து நின்றாள். கம்பு நுனி உடம்பில் பட்டால் ஒரு புள்ளி. போட்டிகளில் இதைத் தொடுமுறை என்கிறார்கள். சலாம் வைத்தோம். மொட்டை மாடியில் பழகிய அத்தனை வீச்சும் எனக்கு மறந்துபோயின. கம்பு வருவது தெரிந்ததும் நான் செய்த ஒரே காரியம் கண்ணை இறுக்க மூடியது. விரல் முட்டியில் விழுந்தது ஒன்று. "சாரி ஆன்ட்டி" என்றாள், அடுத்ததை இடுப்பில் வைத்துக்கொண்டே.

பல நாள் அடி வாங்கியபின் கண் மூடுவது நின்றது. வலி கொஞ்சநேரச் சங்கதிதான் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வாத்தியார் சொன்ன முக்கியமான சங்கதி காதில் ஏறியது. "கம்புக்கு வேகம் நுனியிலதான். ஒண்ணு, நுனி எட்டாத தூரத்துல நில்லு. இல்லையா, ஒரேயடியா உள்ள பூந்து அவன் கைக்குப் பக்கத்துல போயிடு. அங்க கம்புக்குப் பலமில்ல. நடுவுல நின்னு யோசிக்கிறவனுக்குத்தான் அடி."

இதைச் சோதிக்க ஒரு மாலைநேர டவுன் பஸ் கிடைத்தது. கம்பு வீட்டில். கூட்டத்தைச் சாக்காக வைத்துப் பின்னாலிருந்து ஒருவன் இடித்துக்கொண்டே வந்தான். முன்பெல்லாம் நான் செய்வது நடுவில் நின்று யோசிப்பதுதான்: தெரியாமல் பட்டிருக்குமோ, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவானோ, சத்தம் போட்டால் நம்மைத்தானே பார்ப்பார்கள். அன்றைக்குக் கால் தானாக மாறியது. சுவடு வைத்து முழுசாகத் திரும்பினேன். கைப்பை மார்புக்கு முன்னால் வந்தது. கண் அவன் முகத்தில் நின்றது, மூடவில்லை. "என்ன வேணும்?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். கண்டக்டர் திரும்பினார், டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க" என்றவன் படிக்கட்டுப் பக்கம் போய், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். "சிலம்பத்துக்குப் பயந்தானா, உன் குரலுக்கா?" என்றார் வீட்டுக்காரர். வர்ம மரியாதை காலாவதியாகிவிட்டது என்று அப்போது தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவர் வேறு விதமாகப் பயமுறுத்தினார். தற்காப்பு உரிமை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. உடம்பையும் காத்துக்கொள்ளலாம், உடைமையையும் காத்துக்கொள்ளலாம். ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் நாமே கை நீட்டக் கூடாது. "செயின் உன் கைக்குத் திரும்பினப்புறமும் ஆத்திரத்துல ரெண்டு போட்டேன்னு வச்சுக்கோ, அது தற்காப்புக் கணக்குல வராதும்மா. செயினைப் பறிச்ச குத்தத்துக்கு அவனுக்குப் பிரிவு 304, மூணு வருஷம் வரைக்கும். உனக்கு என்ன பிரிவுன்னு அப்புறம் பாக்கணும்." ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவில் இத்தனை பிரிவுகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், சிலம்பத்தை விடச் சட்டப் படிப்பே சுலபம் என்று தோன்றியது. ஆனால் வாத்தியாரும் வக்கீலும் வேறு வேறு மொழியில் ஒரே சங்கதியைத்தான் சொல்கிறார்கள். அடி நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே, உங்களில் யாராவது தற்காப்புக்கென்று ஒரு பாரம்பரியக் கலையில் சேரப் போவதாக இருந்தால், சிலம்பமோ அடிமுறையோ களரியோ, தாராளமாகச் சேருங்கள். சேரும் முன்பு வாத்தியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு எதிரே ஆளை எப்போது நிறுத்துவீர்கள்?" பானை, தீப்பந்தம், சாதனை, சான்றிதழ் என்று பதில் வந்தால், மேடைக்கு அது நல்ல இடம், பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். "கால் நின்னதும் நிறுத்துவேன், முட்டியில ரெண்டு விழும், பரவாயில்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டால், அன்றைக்கே தட்சிணை வைத்து நீங்கள் சேர்ந்துவிடுங்கள்.