செத்தவரே எழுதவேண்டிய இரங்கல்

மரக்காணம் உப்பளத்து எடைமேடைக் கணினியில், நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் சிஸ்லாக் சேவை மூன்று நாளில் நான்கு தடவை படுத்துவிட்டது. உப்புக்காற்றைத்தான் முதலில் திட்டினோம். யுஎஸ்பி முனையில் பச்சை பூத்திருந்தது. பழுது பார்க்க வந்த தம்பி, "எதுக்கு விழுந்துச்சுன்னு லாகைப் பாருங்கண்ணே" என்றான். விழுந்ததே லாக் எழுதுகிறவர்தானப்பா!

வட்டில் இடமில்லை. அடைத்துக்கொண்டிருந்தவை அவருடைய பழைய பதிவுகளே. பழையதை அவ்வப்போது கழிக்கும் லாக்ரொட்டேட்டை யாரோ நிறுத்திவைத்திருந்தார்கள். (யாரோ என்றால், நான்தான்.)

1980களில் எரிக் ஆல்மன் செண்ட்மெயிலுக்காக எழுதிய ஏற்பாடு இந்த சிஸ்லாக். பழைய பதிவுகள் என்றால், இவ்வூர் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை யாரும் ரீஸ்டார்ட் செய்ததாகத் தெரியவில்லை. வெளியே உப்பு லாரிக்காரர் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.