ஒட்டுங்க தம்பி, நல்லா ஒட்டுங்க!

வாங்க தம்பி, வாங்க. "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்"னு எம்புட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ் கொண்டாந்திருக்கீக! பிளாஸ்டிக்க ஒழிக்கச் சொல்ல ஒரு பிளாஸ்டிக். அந்த வேப்பமரத்துல கட்டுங்க. கூட்டம் முடிஞ்சதும் தூக்கிப் போட்டுறாதீக, எங்க ஆட்டுக்கொட்டாய் ஒழுகுது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள வெயில்ல ஊர்வலமாக் கூட்டியாந்தீகளே, அதுவும் நல்ல காரியம். கோஷம் போட்டுத் தொண்டை காஞ்ச பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தண்ணிப் பாக்கெட் குடுத்தீக பாருங்க, அங்கதான் நீங்க நிக்கிறீக! 2019 ஜனவரி 1லருந்து அரசாங்கம் தடை பண்ணுன 14 சாமான்ல அதுவும் ஒண்ணு. ஊர்வலம் எந்தத் தெரு வழியாப் போச்சுன்னு இனி யாரையும் கேக்க வேண்டியதில்ல. தெருவே சொல்லும்.

பிளாஸ்டிக் கெடுதல்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீக? கவரத் தின்னு வயிறு உப்பிச் செத்த மாட்ட டாக்டர் அறுத்துக் காட்டுனப்ப ஊரே சுத்தி நின்னுச்சு. உங்க படத்த விட அது தெளிவாத் தெரிஞ்சது. மறுநா ஊரு கறி வாங்குனது எதுலங்கிறீக? அதே கருப்புக் கவர்லதான்.

புத்தி இல்லாம இல்ல தம்பி. மஞ்சப்பை வீட்டுல கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது. மனுசன் வேலை முடிஞ்சு வார வழியில கடைக்குப் போறான். அவன் கேக்குறதுக்கு முன்னாடியே கடைக்காரர் கவர ஊதிப் பிரிக்கிறாரு. அந்த ஆணிக்கும் கடைக்கும் நடுவுலதான் உங்க திட்டம் மயங்கிக் கெடக்கு. நீங்க என்னடான்னா எங்க மூளையில வெளக்குப் புடிச்சுத் தேடுறீக!

மனுசன் ஏன் இப்பிடி நடந்துக்கிறான்னுதான் என் பேத்தி மதுரையில படிக்கிறா. லீவுக்கு வந்தா செல்லுல வாசிச்சுக் காட்டுவா. அயர்லாந்துல 2002ல என்ன செஞ்சாகளாம்? கவர் வேணும்னா 15 சென்ட் எடுத்து வையின்னாக. அம்புட்டுதான், கடையில கவர் வாங்குறது 100க்கு 90க்கு மேல கொறஞ்சு போச்சு. 15 சென்ட் அந்த ஊருல மிட்டாய்க் காசு. அப்புறம் எப்பிடிக் கொறஞ்சுச்சு? என் புத்திக்குப் படுறதச் சொல்றேன்: சும்மா கைக்கு வந்துக்கிட்டிருந்தத, நாலு பேர் முன்னால வாயத் திறந்து "ஒண்ணு குடுங்க"ன்னு கேக்க வேண்டியதாப் போச்சுல்ல? நம்ம பக்கமும் யோசிக்காம இல்ல. கோயம்பேடு சந்தையில 10 ரூவா போட்டா மஞ்சப்பை தர்ற மிஷின 2022ல வச்சாக. பை மறந்தவன் நிக்கிற இடத்துலயே பை. அது வேலை. இது ஊர்வலம்.

பைக்கு மட்டும் இல்ல, ஊசிக்கும் இதே கததான். ராஜஸ்தான்ல உதய்ப்பூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு முழுசாத் தடுப்பூசி போட்டவுக அப்ப ரொம்பக் கம்மி. ஊசி இலவசந்தான், ஆனா நர்சம்மா எப்ப வருவாகன்னு யாருக்குத் தெரியும்? பானர்ஜியும் டஃப்லோவும், 2019ல நோபல் வாங்குனவுக, கூட ஆள் சேத்துக்கிட்டு ஒரு சோதனை பண்ணுனாக. சும்மா விட்ட ஊருகள்ல 100க்கு 6 பிள்ளைதான் எல்லா ஊசியும் போட்டிருந்துச்சு. தவறாம முகாம் நடந்த ஊருகள்ல 18. முகாமோட ஊசிக்கு ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடிச்சா சாப்பாட்டுத் தட்டும் குடுத்த ஊருகள்ல 39. "பருப்புக்கா பிள்ளை பெத்தோம்"னு சண்டைக்கு வராதீக. "அடுத்த வாரம் பாத்துக்குவோம்"னு தள்ளிப்போட்ட தாயி, பருப்பு இருக்குன்னா இன்னைக்கே கெளம்பிருவா. நீங்களும் மேடையில போர்த்துற பொன்னாடைக் காசப் பருப்பாக் கணக்குப் போட்டுப் பாருங்க.

அந்த ரெண்டாவது ஃப்ளெக்ஸ்ல என்ன எழுதியிருக்கு? "நம்மில் பெரும்பாலோர் பிளாஸ்டிக் பயன்படுத்துகிறோம், வெட்கம்!" சபாஷ். சாராயக்கடைக்கு வழி காட்டுற பலகை மாதிரி எழுதியிருக்கீக. அமெரிக்காவுல அரிசோனாவுல, மரமெல்லாம் கல்லாப் போன ஒரு காடு இருக்காம். "இங்க வந்தவுக நெறையப் பேரு துண்டத் தூக்கிட்டுப் போயிட்டாக"ன்னு பலகை வச்சுப் பாத்தாக. பாதையில அடையாளம் போட்டு வச்ச துண்டுல 100க்கு 8 காணாமப் போச்சு. வெறுமன "எடுக்காதீக"ன்னு எழுதுன இடத்துல 2 கூடப் போகல. எல்லாரும் எடுக்குறாகன்னா நான் மட்டும் என்ன இளிச்சவாயனான்னு தோணுமா தோணாதா?

அதே குணத்த லண்டன்காரன் திருப்பிப் போட்டான். "10 பேர்ல 9 பேரு காலத்துல வரி கட்டிட்டாக, நீங்கதான் பாக்கி"ன்னு கடுதாசி போட்டான். காசு சீக்கிரமா வந்துச்சு. அதுக்காகப் பொய் எழுதிறாதீக; எங்க ஊருல ஒருத்தருக்கொருத்தர் எத்தனை கவர் வாங்குனாகன்னு தெரியும். பை கொண்டாறவுக போன மாசத்த விட உண்மையிலயே கூடியிருந்தா, "கூடிக்கிட்டு வாராக"ன்னு எழுதுங்க. அது போதும்.

பொகோட்டான்னு ஒரு ஊருல ஒரு மேயரு, பேரு அன்டானாஸ் மோக்கஸ். 1995ல பதவிக்கு வந்தாரு. ரோட்டுல விதிய மீறுறவுகளக் கேலி பண்ண ஊமைக்கூத்துக்காரவுகள எறக்கிவிட்டாரு. அபராதத்துக்கு அசையாதவன் ஊரு சிரிப்புக்கு அசைஞ்சான். தண்ணிப் பஞ்சம் வந்தப்ப அவரே டிவியில குளிச்சுக் காட்டுனாரு, சோப்புப் போடுறப்ப குழாய மூடிக்கிட்டு. பயப்படாதீக, உங்க மேலதிகாரியக் குளிக்கச் சொல்லல. மேடையில அவருக்குப் போடுற பொன்னாடை பிளாஸ்டிக் உறையில வராம இருந்தாச் சரி. ஒண்ணு மட்டும்: சிரிக்க வைக்கிறது வேற, சந்தி சிரிக்க வைக்கிறது வேற. வெளியிடத்துக்குப் போனவுகள விசிலடிச்சு வெரட்டுன வடக்கத்தி ஊருக உண்டு. அவமானப்பட்டவன் கக்கூஸ் கட்ட மாட்டான், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயி ஒக்காருவான்.

சரி, கையில என்ன நோட்டு? கூட்டத்துக்கு வந்தவுக கையெழுத்தா? "விழிப்புணர்வு பெற்றோர் 200"னு எழுதப்போறீக. அதுல பாதிப் பேரு சுண்டலுக்கு வந்தவுக. அத எண்ணாதீக தம்பி. அடுத்த மாசம் ஒரு சாயங்காலம், ஊர்வலமும் மாலையும் இல்லாம, எங்க மளிகைக் கடை வாசல்ல ஒரு மணி நேரம் ஒக்காருங்க. பையோட எத்தனை பேரு வாராகன்னு எண்ணுங்க. எண்ணிக்கை கொறச்சலா இருந்தா மேல இருக்கவரு முறைப்பாரு. முறைக்கட்டும். அப்பத்தான் அவரும் ஃப்ளெக்ஸுக்கு அடுத்து என்ன செய்யலாம்னு கேப்பாரு. அவரு கேக்கலைன்னா, நீங்க எங்ககிட்டக் கேளுங்க. இத்தன வருசமா அத ஒருத்தரும் கேக்கல.