வராதாம்: ஈரெழுத்து அடிக்குறிப்பு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: "நாளைக்குத் தண்ணி வராதாம்" என்னும் வாக்கியம். களம்: எங்கள் தெரு. காலம்: ஒரு மாலைப்பொழுது. நிதியுதவி: இல்லை.

1. முன்னுரை

ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் என்று ஆய்வேடுகள் வரிக்கணக்கில் காட்டும் சான்றைத் தமிழர் 'ஆம்' என்று ஈரெழுத்தில் முடித்துவிடுகின்றனர். 'வராது' என்றால் சொன்னவர் பொறுப்பு. 'வராதாம்' என்றால் எவரோ பொறுப்பு.

2. முன்னாய்வுகள்

தொல்காப்பியர் 'என்ப', 'என்மனார் புலவர்' என்பார். எந்தப் புலவர் என்று சொல்லமாட்டார். நச்சினார்க்கினியர் ஒரு செய்யுளை எடுத்துக்காட்டி, 'என்றார் பிறரும்' என்று நகர்ந்துவிடுவார். அந்தப் 'பிறர்' யார் என்று ஏடு ஏடாகத் தேடும் வேலை, 1887இல் நச்சினார்க்கினியர் உரையோடு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் தலையில் விழுந்தது. உரைகாரர் நூற்பெயரைச் சொல்லியிருந்தால் ஐயர் அவ்வளவு சுவடிகளைப் புரட்டியிருக்கமாட்டார், ஆகவே சொல்லாததே நல்லது என்று வாதிடுவாரும் உளர். (யார் என்று கேட்கக் கூடாது.)

3. சட்ட நிலை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, ஆய்வேடு 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் பதிவே ரத்து. மாடிவீட்டு மாமி சொல்லும் செய்தி 100 விழுக்காடு ஒத்துப்போகும். ஆனால் உரியவரைச் சுட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது. சுட்டுவதற்கு 'ஆம்' போதுமா என்பதில் விதி மௌனம் சாதிக்கிறது.

4. கள ஆய்வு

'வராதாம்' என்ற மாமியை, யார் சொன்னது என்று கேட்டேன். "பால்காரர்தான் சொன்னார்."

பால்காரர்: "இஸ்திரி வண்டிக்காரர் சொன்னாருங்க."

இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், காலையில நீங்கதானே கேட்டீங்க, 'நாளைக்குத் தண்ணி வராதா'ன்னு?"

5. முடிவுகள்

முதல்நூல் இந்த ஆய்வாளரே. 'வராதா?' என்ற என் ஐயம், மூன்று கை மாறுவதற்குள் கேள்விக்குறி உதிர்ந்து, 'ம்' ஒட்டிக்கொண்டு செய்தியாகிவிட்டது. கடைசியில் நிற்பது மெய்யெழுத்து என்பதாலேயே ஒரு வாக்கியம் மெய்யாகிவிடாது. யார் சொன்னது என்று வழியில் ஒருவர் கேட்டிருந்தாலும் இந்த ஆய்வுக்கு வேலை இருந்திருக்காது.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. பிடிப்பதற்குத்தான் தெருவில் ஒரு வீட்டிலும் காலிக் குடம் இல்லை.