கம்பு கசக்கலே கண்ணு, மாவு காறிப்போச்சு

வா கண்ணு, உக்காரு. கையில அதென்ன டப்பா? சியா விதையா? தண்ணியில போட்டா ஊதிக்கிற திருநீத்துப்பச்சிலை விதை நம்ம பொடக்காலியோரமே கெடக்குது. நீ என்னடான்னா மெக்சிகோக்காரன் விதைக்குக் காசு குடுத்துட்டு வந்து, அப்புச்சிக்கு ஆரோக்கியம் சொல்லித் தர்றே. பரவால்ல, படிச்ச புள்ளை.

போன வாரம் உன்ற ஊட்டுல நாலு நாளு இருந்தனே, அதைப் பத்திச் சொல்லோணும். திங்கக்கெழமையிலிருந்து வெள்ளைச் சோறு இல்ல, பிஸ்கட் இல்ல, சர்க்கரை இல்லைன்னு தண்டோரா போட்டுட்டே. பிரிட்ஜ் கதவுல ஒரு காயிதம்: ராகி 100 கிராமுல சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல, பாலுல 120தான். கணக்கு சரிதான், குத்தஞ் சொல்லலே. ஆனா உன்ற பாப்பா எங்கிட்ட வந்து, "மில்லிகிராமு தித்திக்குமா பெரியப்புச்சி?"ன்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்றது? ஏழு வயசுப் புள்ளைக்கு எலும்பு தேயறதைப் பத்தி என்ன வெசனம்? வெசனம் உனக்கு. அதைக் கரண்டியில அள்ளி அவ வாயில ஊட்டறே. அவ துப்பறா.

கம்பு தோசைக்கும் தட்டைத் தள்ளிட்டா. "டவுனு நாக்கு அப்புச்சி"ன்னு பெருமூச்சு உட்டே. நான் அந்த மாவுப் பாக்கெட்டை மோந்து பாத்தேன். அரைச்சு மூணு மாசம் ஆச்சு! கம்புல எண்ணெய்ச் சத்து சாஸ்தி. முழுசா இருந்தா மாசக்கணக்கா கெடக்கும். மாவாக்கிப்போட்டா சீக்கிரம் காறிப்போகும், கசக்கும். எங்காத்தா அன்னன்னைக்கு வேணுங்கறதை அன்னன்னைக்கு ஒரல்ல குத்துனது வேற சோலி இல்லாமயா? பாப்பா துப்புனது கம்பை இல்ல, காறலை. அந்த நாக்குக்குத் தங்கத்துல காப்பு பண்ணிப் போடோணும், நீ வஞ்சுட்டிருக்கே. கம்பு ஒரு கிலோ வாங்கி மில்லுல அரைச்சு, பத்து நாளைக்குள்ள தீத்துப்போடு.

அப்பறம், எங்க பாட்டன் பூட்டனெல்லாம் கம்பு, சோளம் தின்னு கல்லாட்ட இருந்தாங்கன்னு பாப்பாகிட்ட ஒரு பிரசங்கம். யாரு சொன்னா உனக்கு? நானா? பொய் சொல்லியிருப்பேன். நெல்லுச்சோறு எங்களுக்கு நோம்பிக்கு நோம்பிதான். அந்த வாசத்துக்கு ஒரு வாரம் முந்தியே நாக்கைத் தொங்கப் போட்டுட்டுத் திரிவோம். கம்பைத் தின்னது உடம்புக்காக இல்ல கண்ணு, வேற ஒன்னும் இல்லாமத்தான். 2023ஐ சிறுதானிய வருசம்னு ஐ.நா. சபை கொண்டாடுச்சாமா. எங்களுக்கு எல்லா வருசமும் அதேதான், ஒருத்தனும் மாலை போடலே.

நாட்டுச் சர்க்கரைக்கு வர்றேன். வெள்ளைச் சர்க்கரை ஒரு கரண்டி போட்ட டம்ளர்ல இப்ப இது ரெண்டு கரண்டி. கவுந்தப்பாடிச் சந்தையில மூட்டை தூக்குனவன் சொல்றேன், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போற சரக்கு, ருசிக்கு ஈடு கெடையாது. அதுக்காக, 'நாட்டு'ன்னு பேரு வெச்சா இனிப்புக் கொறஞ்சுருமா? ரெண்டும் கரும்புதான். உள்ள போனா எந்த ஊருன்னு உடம்பு கேக்காது.

ராகி பிஸ்கட்டுக்கு மட்டும் தடை இல்லைன்னியே, அந்தப் பாக்கெட்டைப் பாப்பா கையில குடுத்து, பின்னால இருக்கற பொடி எழுத்தைப் படி சாமின்னேன். எது சாஸ்தியோ அதை மொதல்ல எழுதோணும்கறது சட்டம். எழுத்துக் கூட்டிப் படிச்சா: மைதா, சர்க்கரை, பாமாயில்... ராகி அஞ்சாவதா வந்துச்சு, கடைசிப் பந்திக்கு வந்த ஒரம்பரையாட்ட. அட்டைப் படத்துல மட்டும் அவன்தான் மாப்பிள்ளை! உழுந்து உழுந்து சிரிச்சா. அன்னைக்குப் பொழுதுக்கும் ஊட்டுல இருக்கற டப்பாவெல்லாம் தூக்கியாந்து படிச்சா, நீ அலமாரி மேல ஒளிச்சு வெச்ச சத்துப் பான டப்பா வரைக்கும். அந்த மாதிரிப் பானத்தையெல்லாம் 'ஹெல்த் டிரிங்க்' வரிசையில வெக்காதீங்கன்னு 2024லயே தில்லியிலிருந்து இணையக் கடைக்காரங்களுக்கு ஓலை போயிருக்குது. உனக்கு வந்து சேரலையாட்ட இருக்குது.

உன்னைக் கொள்ளு தின்ன வெச்சது எப்படின்னு ஞாபகம் இருக்குதா? உங்கம்முச்சி காயிதமா ஒட்டுனா? "இது குதிரைக்கு வெச்சது, உனக்குக் கெடையாது"ன்னு கிண்ணத்தை முந்தானையில மறைச்சா. நீ அழுது பொரண்டு வாங்கித் தின்னே. அப்பவும் மொத நாளே இல்ல. புதுக் காயி ஒன்னு புள்ளைக்குப் புடிபட பத்துப் பதினஞ்சு தடவை ஆகும்னு இப்ப டாக்டருகளே சொல்றாங்க. நீ மூணாம் நாளே ஆயுதத்தைக் கீழ போட்டுட்டு நூடுல்ஸ் கிண்டறே.

இன்னொன்னு, கோவிச்சுக்காதே. ஆபீஸ் உட்டு வரும்போது பேக்கரியில டீயும் பப்ஸும் முடிச்சுட்டு, ஊட்டுல வந்து சாமைப் பொங்கல் பெருமை பேசறே. உன்ற பேச்சை அவ காதுல போட்டுக்கலே. உன்ற சட்டையில ஒட்டிட்டிருந்த பப்ஸ் துகளை எண்ணிட்டிருந்தா. எங்கிட்டக் காட்டுனதே அவதான்.

ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் கூட்டிட்டு வா. ஒரலைக் கழுவி வெக்கறேன், பாப்பாவே கம்பு குத்தட்டும். வர்ற வழியில பேக்கரிகிட்ட வண்டிய நிறுத்தாதே. நிறுத்தித்தான் ஆவேன்னா எனக்கொரு தேங்கா பன் வாங்கிக்கோ. பாப்பா கண்ணுல படாமக் கொண்டா.