தட்டுங்கள், பாடும்!

பங்க், கராஜ் ராக் இசைத்தட்டுகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அனந்தபுரத்திலிருந்து பதில்கள்.

கராஜ் ராக் என்கிறார்களே, கார் ஷெட்டில் வாசிப்பதா?
*கல்லூரி மாணவர், செஞ்சி*

அதேதான். 1960-களில் அமெரிக்கப் பள்ளிப் பையன்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கிதாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு பழகினார்கள். மூன்று சுரக்கூட்டு (கார்டு) தெரிந்தால் குழு ஆரம்பிக்கலாம். நாலாவது தெரிந்தவன் தலைவன். 1963-இல் போர்ட்லண்ட் நகரத்தின் 'தி கிங்ஸ்மென்' குழு ஏறக்குறைய 50 டாலர் செலவில் 'லூயி லூயி' பாட்டைப் பதிவு செய்தது. பாடியவரின் குழறலில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆபாசமாகத்தான் பாடுகிறார்கள் என்று புகார் போனது. எஃப்.பி.ஐ. தட்டை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பல மாதம் கேட்டுவிட்டு, 'ஒன்றும் விளங்கவில்லை' என்று கோப்பை மூடியது. ஓர் அரசாங்கத்தையே உட்கார வைத்துப் பாட்டுக் கேட்கச் செய்த பையன்கள் அவர்கள்!

அப்படியானால் பங்க்?
*அதே மாணவர்*

அந்தப் பையன்களின் தம்பிமார். நியூயார்க்கின் 'ரமோன்ஸ்' குழுவுடைய முதல் எல்.பி. 1976-இல் வந்தது. 14 பாட்டு, மொத்தம் 29 நிமிஷம். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து சபைக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இந்தத் தட்டின் ஒரு பக்கம் ஓடிவிடும். நீண்ட ஆலாபனை, பெரிய அரங்கு, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சொல்ல ஒன்று இருந்தால் போதும் என்றார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்து முழுக்க அது பற்றிக்கொண்டது.

பழைய தட்டுகளைச் சேர்ப்பதால் யாருக்கு என்ன பயன்? பரண்தான் நிறைகிறது.
*இல்லத்தரசி, அனந்தபுரம்*

அம்மா, லென்னி கேய் என்று ஒருவர். நியூயார்க்கில் ரிக்கார்டு கடையில் வேலை பார்த்தவர், பத்திரிகைகளிலும் எழுதியவர். எல்லோரும் மறந்துபோன சின்னத் தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டு, அவற்றிலிருந்து 27 பாட்டுகளைப் பொறுக்கி 1972-இல் 'நகெட்ஸ்' என்ற இரட்டை எல்.பி.யைத் தொகுத்தார். உறையில் அவர் எழுதிய குறிப்பில் 'பங்க் ராக்' என்ற பெயரும் இருந்தது. அந்தத் தொகுப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் பிறகு தாங்களே குழு அமைத்தார்கள். கேயும் பாடகி பட்டி ஸ்மித்தின் குழுவில் கிதார் வாசித்தார். சேர்த்தவர் பூட்டி வைக்காமல் பத்துப் பேருக்குக் கேட்கக் கொடுத்ததால் ஓர் இசையே மறுபிறவி எடுத்தது. உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதையும் கீழே இறக்கி ஓடவிடச் சொல்லுங்கள். ஓடினால் அது சொத்து, ஓடாவிட்டால்தான் பாரம்.

இந்தியாவில் இப்படி யாராவது வாசித்தார்களா, அல்லது எல்லாமே வெள்ளைக்காரர் சங்கதியா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலச்சேரி*

நன்றாகவே வாசித்தார்கள் ஐயா. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன் 'சிம்லா' சிகரெட்டை விற்பதற்காக 'சிம்லா பீட்' என்று அகில இந்தியப் போட்டி ஒன்றை நடத்தியது. ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்', பெங்களூரின் 'டைனோசார்ஸ்' என்று ஊர் ஊராகப் பையன்கள் புறப்பட்டு வந்தார்கள். 1970, 1971 போட்டிகளின் குழுக்கள் இரண்டு எல்.பி.களில் பதிவாயின. நல்ல வெளிநாட்டுக் கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் எட்டாக்கனியாக இருந்த காலம் அது. கிடைத்ததைக் கொண்டு வாசித்தார்கள். அந்தக் கரகரப்பே தனி ருசியாகிவிட்டது. உலகம் முழுக்க கராஜ் ராக் சேர்ப்பவர்கள் இன்று வலைபோட்டுத் தேடும் தட்டுகள் அவை. சிகரெட் புகைந்து போயிற்று, பாட்டு நிலைத்துவிட்டது. விளம்பரப் பணம் இவ்வளவு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதில் எனக்கு மெய்யான சந்தோஷம்.

அசல் சிம்லா பீட் தட்டுக்கு என் பைக்கை விற்க வேண்டும் போலிருக்கிறது. மறுபதிப்பு வாங்கினால் மரியாதை குறையுமா?
*தனியார் நிறுவன ஊழியர், விழுப்புரம்*

பைக்கை விற்காதீர்கள், தட்டு வாங்கப் போக வண்டி வேண்டும். மறுபதிப்பு கௌரவமான பொருள். உங்கள் காதுக்கு வேண்டியது பாட்டு. அசல் அச்சு உங்கள் கையில் அகப்பட்டால் அது அதிர்ஷ்டம், அகப்படாவிட்டால் குறையே இல்லை. ஆனால் யாரோ திருட்டுத்தனமாக அச்சடித்ததை மட்டும் தவிருங்கள். வாசித்தவர்களுக்கு ஒரு காசும் போய்ச் சேராத தட்டில் பாட்டு இருக்கும், நியாயம் இருக்காது.

தமிழருக்கும் பங்குக்கும் ஏதாவது உறவு உண்டா?
*முதுகலை மாணவி, திண்டிவனம்*

ரத்த உறவே உண்டு. மாயா அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்குத் தப்பி மறுபடி லண்டன் சேர்ந்தவர். அவருடைய முதல் வெளியீடான 'கலாங்' 2003-இல் வெறும் 500 தட்டுகளாகத்தான் வந்தது. முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், 'அருளர்'. 2007-இல் வந்த இரண்டாவதற்கு அம்மா பெயர், 'கலா'. அந்தக் 'கலா'வில் இரண்டு பொருள்களைக் கவனித்துக் கேளுங்கள். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது, லண்டன் பங்க் குழுவான 'தி கிளாஷ்' 1982-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டின் இசை. 'பேர்ட் ஃப்ளூ'வில் அதிர்வது நம் உறுமி. அகதியாகப் போன பெண், போன ஊரின் கலகக்காரர்களையும் பிறந்த இனத்தின் மேளக்காரர்களையும் ஒரே தட்டில் உட்கார வைத்தார். பங்க் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

வெள்ளைக்காரப் பங்க் ரசிகர்கள் நம் நிறத்தவரை அண்டவிட்டார்களா?
*மருந்துக்கடைக்காரர், வல்லம்*

அடித்தவர்களும் இருந்தார்கள், அணைத்தவர்களும் இருந்தார்கள். 1978 ஜனவரியில், அப்போது பிரிட்டன் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மார்கரெட் தாட்சர், வேறு பண்பாட்டுக்காரர்களால் தங்கள் நாடு மூழ்கடிக்கப்படுமோ என்று மக்கள் அஞ்சுவதாகத் தொலைக்காட்சியில் பேசினார். அதற்குப் பதிலடியாக லண்டனில் பாகிஸ்தானிய வம்சாவளிப் பையன்கள் மூவரும் வெள்ளைக்கார நண்பர் ஒருவரும் 'ஏலியன் கல்ச்சர்' என்றே பெயர் வைத்துக் குழு தொடங்கினார்கள். 1980-இல் ஒரு சிங்கிள் வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டு கலைந்தார்கள். நம்மை எந்தப் பெயரால் திட்டினார்களோ அதையே பலகையாக எழுதி வாசலில் மாட்டும் துணிச்சல் அந்த ஒற்றைத் தட்டில் இருக்கிறது.

அனந்தபுரத்தில் ரிக்கார்டு எங்கே கிடைக்கும்?
*உள்ளூர்க்காரர்*

பங்க் கிடைக்காது. ஆனால் தேட வேண்டிய முதல் இடம் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்: பழைய சவுண்ட் சர்வீஸ்காரர் வீடு. கல்யாணம், காதுகுத்து, தீமிதி எல்லாவற்றுக்கும் குழாய் கட்டி ரிக்கார்டு போட்ட அண்ணன்மார்தான் நம் பகுதியின் முதல் சேகரிப்பாளர்கள். எம்.ஜி.ஆரின் 'ராஜா தேசிங்கு' (1960), விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் 'காதலிக்க நேரமில்லை' (1964) தட்டுகள் அந்தப் பெட்டிகளில் அகப்பட்டால் விடாதீர்கள். பின்னதில் ட்விஸ்ட் தாளமும் எலெக்ட்ரிக் கிதாரும் துள்ளும். அமெரிக்கப் பையன்கள் ஷெட்டுக்குள் புகுந்த அதே நேரத்தில் கோடம்பாக்கத்துக்கும் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது என்று காது சொல்லும். பிறகு புதுச்சேரி ஞாயிறு சந்தையை ஒரு சுற்று சுற்றுங்கள். கல்கத்தா போக நேர்ந்தால் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் அரை நாள் ஒதுக்குங்கள்.

ஒரு வேண்டுகோள். பழைய பெட்டியை எடைக்கு வாங்கும் விலையில் பேசாதீர்கள். நியாயமான விலை கொடுங்கள். எந்தப் பாட்டுக்கு எந்த ஊரில் 'இன்னொரு தரம்' என்று கூச்சலிட்டார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தட்டில் பதிவாகாத பாதி அந்த அண்ணன்மார் நினைவில் இருக்கிறது.

தாத்தாவின் சாவி கொடுக்கும் கிராமபோன் இருக்கிறது. அதில் என் புது எல்.பி.யை ஓட்டலாமா?
*பொறியியல் மாணவர், செஞ்சி*

வேண்டவே வேண்டாம் தம்பி! கிராமபோனின் எஃகு ஊசி 78 சுழற்சி அரக்குத் தட்டின் அகலமான பள்ளத்துக்கு ஏற்றது. அதன் தலைப்பகுதி 100 கிராமுக்கு மேல் அழுத்தும். எல்.பி.யின் நுண்ணிய பள்ளம் தாங்குவது இரண்டு கிராம் அளவுதான். ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். அதற்கு அரக்குத் தட்டு தேடுங்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு புது ஊசி போடுங்கள். இன்னொரு விசேஷம்: பீட்டில்ஸ் பாட்டுகளை மேல்நாட்டில் 45 சுழற்சியில் கேட்டபோது, இந்தியாவில் 1960-களின் நடுப்பகுதி வரை 78 தட்டிலும் அச்சடித்தார்கள். மின்சாரம் எட்டாத வீட்டிலும் சாவி கொடுத்து பீட்டில்ஸ் கேட்க முடிந்தது. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் பிறந்த அந்தத் தட்டுகளுக்கு இன்று லிவர்பூலிலிருந்தும் ஆள் வருவார்கள்.

பூஞ்சை பிடித்த தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
*வாசகி, மேல்மலையனூர்*

எந்தத் தட்டு என்று முதலில் பாருங்கள். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் பூஞ்சையோடு பாட்டும் கரையும். அரக்கைக் கரைப்பதே ஆல்கஹால்தான். எதுவானாலும், பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான தூரிகையை நனைத்துப் பள்ளத்தின் வழியே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் இருக்கும் லேபிளை நனைக்காதீர்கள். நிழலில் நிமிர்த்தி உலர்த்துங்கள்.

சித்திரை வெயிலில் எங்கே வைப்பது?
*அதே வாசகி*

செஞ்சி மலைப்பாறை சுடும் வெயிலில் எல்.பி.யின் வினைல் எம்மாத்திரம்? 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே வளையத் தொடங்கும். தகரக் கூரைக்கு அடியில் வேண்டாம், நிறுத்திய காருக்குள் வேண்டவே வேண்டாம். கீழ்த் தளத்தில், சுவரை ஒட்டாமல், புத்தகம்போல நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு அப்பளமாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து மைத்துனர் பிளேயர் கொண்டுவந்தார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் ரமோன்ஸ் தாலாட்டு பாடுகிறார்களே!
*மின்வாரிய ஊழியர், அனந்தபுரம்*

உங்கள் துறைக் கேள்வி ஐயா. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. சில பழைய பிளேயர்களின் மோட்டார் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றும். 33⅓ சுற்ற வேண்டியது 28-ஐக்கூட எட்டாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லியை மாட்டுங்கள், ரமோன்ஸ் விழித்துக்கொள்வார்கள்.

நாங்கள் நாலு பேர். ஒரு கிதார், ஒரு பம்பை, இரண்டு குரல். 'முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வாருங்கள்' என்கிறார்கள். என்ன செய்ய?
*இளைஞர்கள், அனந்தபுரம்*

கற்றுக்கொண்டே வாசியுங்கள், வாசித்துக்கொண்டே கற்றுக்கொள்ளுங்கள். மான்செஸ்டரின் 'பஸ்காக்ஸ்' குழு 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பரில் நாலு பாட்டுகளை ஒரே நாளில் பதிந்து, 1977 ஜனவரியில் 1,000 தட்டுகளைத் தாங்களே வெளியிட்டது. கம்பெனி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அவை விற்றுத் தீர்ந்து, மேலும் மேலும் அச்சாகி 16,000 வரை போயின. பிரிஸ்பேனின் 'தி செயின்ட்ஸ்' தங்கள் முதல் தட்டில் 500 பிரதிதான் போட்டார்கள். அது லண்டன் பத்திரிகைகளையே திரும்பிப் பார்க்க வைத்தது.

உங்களிடம் பம்பை இருக்கிறது, அவர்களிடம் இல்லை. மலையனூர் அமாவாசைக் கூட்டத்தையே ஆட வைக்கும் சத்தம் அது. அதைக் கிதாருக்குப் பின்னால் ஒளிக்காமல் முன்னால் நிறுத்துங்கள். ஊரில் உங்களுக்குக் கோபம் வருவது எதற்கு, சிரிப்பு வருவது எதற்கு என்று பாட்டில் சொல்லுங்கள். செல்போனில் பதிந்தாலும் போதும். மும்பையில் இப்போது மறுபடி வினைல் அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள், ஒருநாள் தட்டாகவும் போடலாம். போட்டதும் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள். இலவசப் பிரதி வேண்டாம், முழு விலை கொடுத்து முதல் ஆளாக வாங்கிக்கொள்கிறேன்.