வம்சம் பார்க்கும் மாமா

மும்பை பக்கத்து டோம்பிவிலியில் சொசைட்டிக்கு ஒருவராவது இப்படி உண்டு. எவனோ மோசடியில் கைதானான் என்று பேப்பரில் வந்தால், செய்தியை முடிக்கும் முன்பே “அவன் தம்பி எங்க வேலை பாக்கறான்?” என்று கேட்பார். திருடனைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். மிச்சக் குடும்பம் மாமா பொறுப்பு.

கோர்ட் கூடுவது காலை ஃபாஸ்ட் லோக்கலில். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு அரை இடுப்பு இடம் விடுவது இந்த லைனின் தர்மம். உள்ளே போனவனின் மச்சினன் ஏறினால் மட்டும் மாமா அசைய மாட்டார். பாவம், அவன் வி.டி. வரை நின்றே வருவான். கடுங்காவல்தான் அது.

2019 அக்டோபரில், தீபாவளி நெருங்குகிற நேரத்தில், குட்வின் ஜுவல்லர்ஸ் கடைகளை இழுத்துப் பூட்டினார்கள். மாதாமாதம் நகைத் திட்டத்தில் பணம் கட்டியவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் கூடினார்கள். உரிமையாளர்களான கேரளத்துச் சகோதரர்கள் டிசம்பரில்தான் பிடிபட்டார்கள். மாமா அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. தன் பல் டாக்டரை உடனே நிறுத்திவிட்டார். டாக்டருக்குச் சொந்த ஊர் திருச்சூர். மாமாவுக்குப் பாலக்காடு. “பாலக்காடு வேற, கேரளா வேற, கேட்டேளா!” என்றார், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

பேச்சுக்குப் பேச்சு சாஸ்திரம் வேறு. அப்பன் குடித்தும் சூதாடியும் வைத்த கடனைப் பிள்ளை அடைக்க வேண்டியதில்லை என்று பழைய ஸ்மிருதிகளே விட்டுவிட்டன. மற்ற கடன்களுக்கு இருந்த புத்திரக் கடமையையும் 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் ஒழித்தது. மாமா அதெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. உபன்யாசத்தில் விபீஷண பட்டாபிஷேகம் வந்தால் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

2024 நவம்பரில் புல்டோசர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. ஒருவன் மேல் குற்றச்சாட்டு என்பதற்காக வீட்டை இடித்தால், அங்கே குடியிருக்கும் மற்றவர்களையும் சேர்த்துத் தண்டிப்பதாகாதா என்று கேட்டது. நீதிபதிகள் கவாய், கே.வி. விஸ்வநாதன். “விஸ்வநாதன் பொள்ளாச்சி! பாலக்காட்டுக்குப் பக்கம்!” என்று கம்பார்ட்மென்ட் முழுக்கப் பெருமைப்பட்டார். தீர்ப்பைப் படிக்கவில்லை.

பி விங்கில் ஒருவர் சீட்டுப் பண வழக்கில் உள்ளே இருக்கிறார். அவர் மகள் சி.ஏ. முடித்த பெண். போன நவராத்திரிக்கு அவளைக் கொலுவுக்குக் கூப்பிடக் கூடாது என்று மாமியிடம் கண்டிப்பாகச் சொன்னவர் மாமாதான்.

ஜூலை 30, ராத்திரி பத்தரை. லிஃப்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நாலு மாடி படியேறி, மூச்சு வாங்க, அவளிடமே ஃபார்ம் 16ஐ நீட்டினார் மாமா. “நாளைக்குக் கடைசி நாள்மா. வெளியில குடுத்தா ரெண்டாயிரம் கேக்கறான்.”

அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். ஒன்றில் நின்றாள். “மாமா, வாடகை ரசீதெல்லாம் மாமி கையெழுத்தா இருக்கே. மாமிக்கு நிஜமாவே வாடகை குடுக்கறேளா?”

“அது அவ போட்ட கையெழுத்து” என்றார் மாமா. “எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”